ஏழு தடவை மலை ஏறியவரின் மனைவி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் செய்தி, அவர் சிவனொளிபாதமலைக்கு ஏழு தடவை ஏறியவர் என்பது. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர், குடிக்க மாட்டார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. என் அப்பா திருநீறு பூசாமல் வேலைக்குப் போகாதவர். ஏழு என்று கேட்டதும் அவருக்கு வேறு எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை. "பாதமலைக்கு ஏழு தடவ ஏறின காலு நம்ம வாசலுக்கு வருது, வேற என்ன வேணும்?" என்று அம்மாவிடம் சொன்னாராம். அந்தக் காலை நான் பிறகு நிறையப் பார்த்தேன். அட்டை கடித்த வடு நிறைந்த சாதாரணக் கால்தான்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எனக்கு வாழ்க்கை தொடங்கியது. வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை, ஒரு காம்பரா. அதில் மாமியார், அவர், நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டுக்காரர் பதினைந்து வயதிலிருந்து ஏழு வருஷம் மஸ்கெலியாப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையலறை உதவிக்கு இருந்தவர். அந்தப் பங்களா வாசலில் நின்றால் பாதமலை தெரியுமாம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகிக் கிடந்திருக்கிறார். பிள்ளை பிழைத்தால் மலை ஏறுவான் என்று மாமியார் நேர்ந்துகொண்டிருக்கிறார். அதனால் மஸ்கெலியாவுக்கு அனுப்பும்போதே, "நீ ஏறினாத்தான் என் நேத்தி தீரும்" என்று சொல்லி அனுப்பினார். ஒரு தடவைக்கு நேர்ந்தால் மகன் வருஷத்துக்கு ஒரு தடவையாக ஏழு தடவை ஏறிவிட்டான் என்பதில் மாமியாருக்கு இருந்த பெருமையை ஒரு கூடையில் அள்ள முடியாது. பீலிக்குத் தண்ணீர் எடுக்க வரும் பெண்களிடம் அதைச் சொல்லாத நாள் கிடையாது.

கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை.

கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு இது எப்படிப்பட்ட விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் எல்லாரும் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுத் தேயிலை மலைக்கு வருவார்கள். பத்து மணி வாக்கில் பால் கொடுக்க விடுவார்கள். செடி நிரையில் நிற்கிற என் வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே ஓடுவார்கள். கிழவிகளும் நானும் மட்டும் நிரையில் நிற்போம். கங்காணி கெட்ட மனுஷர் இல்லை. அந்த நேரத்தில் என் பக்கம் திரும்பாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் மாமியாரின் கணக்கு நேரானது. "என் மகன் ஏழு தடவ மல ஏறினவன். சாமி பாதத்த ஏழு தடவ தொட்டவன்கிட்ட கொற இருக்குமா?" என்பார். அவனிடம் இல்லை என்றால் மிச்சம் யார்? வெளிப்படையாக என்னைச் சொல்ல மாட்டார். ஏழைச் சொல்வார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அந்த ஏழு என் தலையில் வந்து இறங்கும். வீட்டுக்காரர் அப்போது அடுப்புப் பக்கம் குனிந்து நெருப்பை ஊதிக்கொண்டிருப்பார். எரிகிற அடுப்பை ஏன் ஊதுகிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நான்காம் வருஷம் தை பிறந்ததும் மாமியார் பேச்சை உடைத்தார். றொசல்லையில் அவருடைய அண்ணன் மகள் ஒருத்தி இருந்தாள். முறைப்பெண். "இந்த வருசம் பாதமலைக்குப் போயி வேண்டிக்க. அடுத்த வருசத்துக்குள்ள ஒன்னும் இல்லேன்னா நான் றொசல்லைக்குப் போயிக் கேக்கப் போறேன். உன்ன ஒதுக்க மாட்டோம், நீயும் இருக்கலாம்" என்றார். நீயும் இருக்கலாம்! நான் கட்டின அடுப்படியில் எனக்கு இருக்க அனுமதி. மகனைப் பார்த்தேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

மாசியில் கொழுந்து குறைந்த நேரம் பார்த்துப் புறப்பட்டோம். தோட்டத்துக் கோயில் பூசாரி தலைமை. லயத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். மாமியாரும் வந்தார். மகன் எந்த மலையில் ஏழு தடவை ஏறினான் என்று சாவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் மட்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி, குளிர் தாங்காது, மழை வரும் என்று ஒரு வாரமாகக் காரணம் அடுக்கினார். "ஏழு தடவ போன பயலுக்கு எட்டாவதுக்கு என்னடா நோவு?" என்று மாமியார் அதட்டினார். அவர் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டார்.

ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு ஒரு பஸ். அணை கட்டியதில் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பழைய மஸ்கெலியா பஜாரில் இறங்கி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு நடந்தோம். மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் இரவில் ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்ப்பார்கள். எங்கள் கூட்டம் மட்டும் உதயத்தைக் கோட்டை விட்டது. இரண்டாவது பஸ் நடுவழியில் நின்றுவிட்டதால் அடிவாரத்து மடத்துக்கு வந்து சேரவே நேரமாகிவிட்டது. கிழவிகளை வைத்துக்கொண்டு இருட்டில் ஏறக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். விடிந்ததும் சீதகங்கையில் குளித்தோம். அந்தத் தண்ணீரின் குளிரை நான் சொல்லி உங்களுக்கு விளங்காது. பல் கிட்டிப்போய் 'அரோகரா' கூட அரைகுறையாகத்தான் வந்தது.

ஏறத் தொடங்கினோம். மலையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கால் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கவே கூடாது. கேட்டால் வழி நீளும் என்பார்கள். இறங்கி வருகிற சிங்களவர்கள் 'கருணாவய்' என்று வாழ்த்துவார்கள், நாமும் திருப்பிச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பூசாரி புதிதாக ஏறுகிற எங்களுக்கு மடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு ஏறினோம். முக்கால் மணி நேரம் போயிருக்கும். "பூசாரி, இன்னும் எம்புட்டுத் தூரங்க?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர்.

பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "ஏழு தடவ வந்த ஆளு கேக்குற கேள்வியாய்யா இது?" எல்லாரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார், "அம்மாவுக்காகக் கேட்டிருப்பான்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு மனசில் ஏதோ ஒன்று இடறியது.

பாதி வழியில் ஊசி போடுகிற இடம் வரும். இந்திக்கட்டுபான என்பார்கள். புத்தர் அங்கே உட்கார்ந்து தன் ஆடையைத் தைத்தார் என்பது சிங்களவர்களின் நம்பிக்கை. முதல் தடவை ஏறுகிறவர்கள் நூல் கோத்த ஊசி ஒன்றை அங்கே செடியில் குத்திவிட்டு, நூலை இழுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். நம்முடைய ஆட்களும் அதைச் செய்வார்கள். சாமி விஷயத்தில் எதையும் விட்டுவைப்பானேன் என்பதுதான் எங்கள் கொள்கை. அந்தப் பக்கத்துப் புதர்கள் எல்லாம் வெள்ளை நூலாக இருந்தன. நானும் மாமியாரும் ஊசி குத்தினோம். ஏற்கெனவே ஏறியவர்களுக்கு அங்கே வேலை இல்லை. பூசாரி மாமியாரையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். என் நூல் ஒரு முள்ளில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க இரண்டு அடி கீழே இறங்கினேன்.

அங்கே வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதில் ஒரு ஊசியும் நூலும். வீட்டிலேயே கோத்து எடுத்து வந்திருக்கிறார். அதைச் செடியில் குத்திவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"ஒரு தடவகூட ஏறலியா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். "துரைகிட்ட லீவு கேக்கப் பயம். மொத வருசம் ஊருக்குப் போனப்ப அம்மா கேட்டாங்க, ஏறுனேன்னு சொல்லிட்டேன். அடுத்த வருசமும் கேட்டாங்க. அப்பிடியே..." என்றவர், பொட்டலக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு, "சாமி பேர்ல பொய் சொன்னதுக்குத்தான் நமக்கு ஒன்னும் தங்கல. எனக்குத் தெரியும். உங்கிட்ட ஒரு கொறயும் இல்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. தெரியும் என்கிறாரே! தெரிந்துகொண்டே நான்கு வருஷம் என்னை அந்த ஏழுக்குக் கீழே நிற்க வைத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனுஷன் ஒரு மலையையே மறைத்திருக்கிறார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத புள்ள" என்றார்.

"நான் ஏன் சொல்லணும்? மேல மணி இருக்கு" என்றேன்.

பாதமலை உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. சாமி கும்பிட்டு முடித்தவர்கள் அதை அடிக்க வேண்டும். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை அடி. முதல் தடவை வந்தவர் ஒன்று, பத்தாம் தடவை வந்தவர் பத்து. அங்கே பொய்யாக அடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் அடித்ததில்லை என்பதனாலாக இருக்கலாம். என் வீட்டுக்காரர் எட்டு அடிக்க வேண்டும் என்று மாமியார் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு அடித்தால் அந்த ஏழு சாமி முன்னாலேயே நிரந்தரமாகிவிடும், நான் றொசல்லைக்காரிக்கு வழிவிட வேண்டியதுதான். ஒன்று அடித்தால் பெற்ற தாய்க்கு முன்னால், லயத்து ஆட்களுக்கு முன்னால் அவர் மானம் போகும். இரண்டில் எதைச் செய்வார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான்கு வருஷம் ஒரே கம்பளியில் படுத்தவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் நூலை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். கடைசிப் படிகள் செங்குத்தானவை. மாமியாருக்கு மூச்சு வாங்கியது. அவர் அம்மாவை இடுப்போடு அணைத்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். பக்கத்தில் ஒரு சிங்களக் கிழவி கோலூன்றி ஏறிக்கொண்டிருந்தாள். மாமியார் நின்று மூச்சு விட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மகே புத்தா" என்று மகனைத் தொட்டுக் காட்டி, ஏழு விரலை விரித்தார். அந்தக் கிழவி கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபத்தோடு பரிதாபமும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

உச்சிக்குப் போனபோது மத்தியானம். நாலு பக்கமும் மேகம் மூடிக்கிடந்தது, கீழே ஒன்றும் தெரியவில்லை. பாறையில் பதிந்த சிவன் பாதத்தில் பூ வைத்து, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்தோம். பிள்ளை வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன். கும்பிட்டபோது மனசில் வந்தது வேறு. 'இந்த ஆள் சரியாக அடிக்கட்டும் சாமி' என்றுதான் கேட்டேன்.

பூசாரி பதினொன்று அடித்தார். நான் ஒன்று அடித்தேன். மாமியார் ஒன்று அடித்துவிட்டுத் திரும்பி, மகன் அடிப்பதை எண்ணுவதற்கு விரலை விரித்துக்கொண்டு நின்றார்.

அவர் கயிற்றைப் பிடித்தார். ஒரு அடி. மாமியார் சுண்டுவிரலை மடக்கினார். மணியின் ஒலி மேகத்துக்குள் போய் மெல்ல அடங்கியது. அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"அடிடா. என்ன நிக்கிற?"

"அவ்வளவுதாம்மா."

"எட்டுடா."

"ஒன்னுதாம்மா. இன்னைக்குத்தான் மொத தடவ ஏறுறேன்."

பூசாரி பூத்தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மாமியார் மடக்கின சுண்டுவிரலோடு அப்படியே நின்றார். மிச்ச விரல்களை என்ன செய்வதென்று தெரியாதவர் போல அவற்றைப் பார்த்தார். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார். மகன் கை கொடுத்தபோது தட்டிவிட்டார். நான் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

சீதகங்கையில் காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்தபோதுதான் மாமியார் வாய் திறந்தார். "துரைகிட்டக் கேக்கப் பயந்தியே, சாமிகிட்டப் பயம் இல்லியாடா ஒனக்கு?" வீட்டுக்காரர் அழுதார். தாடி மீசையோடு ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாமியார் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "ஒனக்குக் கால் வலிக்குதா?" என்று கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வலிக்கிறது என்று சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மறந்து, "ஆமாங்க அத்தை, ரொம்ப வலிக்குது" என்றேன். நானும் அழுதுவிட்டேன்.

சாமி எங்களுக்குப் பிள்ளை கொடுக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு குழந்தை வந்து தவழும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஆனால் றொசல்லைப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் காம்பராவில் எழவில்லை. ஒரு நாள் பீலியில் ஒருத்தி என்னைக் காட்டி, "இன்னும் ஒன்னும் இல்லியா?" என்று மாமியாரிடம் கேட்டாள். "கொற யாருகிட்டன்னு சாமிக்குத்தான் தெரியும். அது ரெண்டு பேருக்கும் பொது. நீ தண்ணி புடிச்சிட்டு நகரு" என்றார் மாமியார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மாமியாரின் அந்த ஒரு சொல் கிட்டத்தட்ட மூடிவிட்டது. பத்து மணிக்குக் கிழவிகளோடு நிரையில் நிற்பது மட்டும் மாறவில்லை. அது கொஞ்சம் சுலபமாகிவிட்டது.

அடுத்த மாசியில் அவர் தானாகவே வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் போய் லீவு கேட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாங்கள் இருவரும் ஏறினோம். ஆளுக்கு இரண்டு அடித்தோம். அந்தத் தடவை உதயத்தையும் பார்த்தோம், மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்ததையும் பார்த்தோம். திரும்பி வந்து காம்பராப் படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

"எத்தன?"

"ரெண்டும்மா."

"சரி."

வருஷா வருஷம் அது வழக்கமாகிவிட்டது. நாங்கள் மலையிலிருந்து வருவோம், பையை இறக்குவதற்கு முன்னால் உள்ளேயிருந்து அந்தக் கேள்வி வரும். மூணும்மா. நாலும்மா. 'சரி' என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொன்னதில்லை. பாராட்டும் கிடையாது, குத்தலும் கிடையாது. ஆறாவது வருஷம் படுக்கையிலிருந்துதான் கேட்டார். குரல் கம்மியிருந்தது. அந்த வருஷமே மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

பெற்றவள் இறந்த துக்கத்தில் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. அந்த வருஷத்து மாசியில் வீட்டிலேயே இருந்தோம். அதற்கு அடுத்த மாசியில்தான் போனோம். அவர் கயிற்றைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று, மாமியார் செய்ததைப் போல, விரலை மடக்கி எண்ணினேன். ஏழு. சரியாக ஏழு. பிறகு நானும் ஏழு அடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்பினோம். பூட்டைத் திறந்தார். படியில் கால் வைத்தவர், பையை இறக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது.

"ஏழும்மா" என்றார்.

அவர் பின்னால் நின்றிருந்த நான், "சரி" என்றேன்.